பியூஸர் வீட்டு இருட்டு

இருட்டை அளந்து விற்கலாம் என்றொரு சட்டம் வந்திருந்தால் யாழ்ப்பாணக் குடாநாட்டின் பெரிய பணக்காரர் பியூஸர்தான். அவ்வளவு இருட்டை அந்த மனிதர் தன் வீட்டுக்குள் சேர்த்து வைத்திருந்தார்.

மின்சாரத்தை மிச்சம் பிடிப்பது எப்படி என்று இப்போது எல்லாப் பத்திரிகைகளிலும் எழுதுகிறார்கள். பல்ப்பை மாற்று, ஃபிரிட்ஜ் கதவை அடிக்கடி திறக்காதே, ஆளில்லாத அறையில் விசிறியை நிற்பாட்டு. வாசிக்க எனக்குக் கோபம்தான் வருகிறது. இதெல்லாம் ஒரு மிச்சமா? நீங்கள் ஒரு பொழுது பியூஸர் வீட்டில் இருந்திருக்க வேண்டும். செருப்பையும் விட்டுவிட்டு ஓடியிருப்பீர்கள்.

நான் ஓடவில்லை. ஓட இடம் இருக்கவில்லை. அச்சுவேலிப் பெண்ணான எனக்கு அரியாலையில் ஒரு கூட்டுறவுச் சங்கக்கடையில் வேலை கிடைத்தது. எண்பதுகளின் நடுப்பகுதி, யுத்தம் தொடங்கிவிட்ட காலம். பஸ் வந்தால் வரும், வராவிட்டால் வராது. ஆகவே கடைக்குப் பக்கத்தில், தெருவிலிருந்து பிரியும் ஒழுங்கையில் ஒரு அறை எடுத்தேன். வீட்டுக்காரர் தபால் கந்தோரில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், அமைதியான ஆள், அவரும் மனைவியும் மட்டும்தான் இருக்கிறார்கள் என்று கடை மனேச்சர் சொன்னார். ஒழுங்கை முழுவதும் அவரைப் பியூஸர் என்று கூப்பிடுவதை மட்டும் சொல்லவில்லை.

பெயர் வந்த காரணம் இது. பொழுதுபட்டு மற்ற வீடுகளில் லைற் போடுகிற நேரம், இவர் விறாந்தையில் மீற்றருக்குக் கீழே இருக்கும் பியூஸ் கட்டையைப் பிடுங்குவார். லேஞ்சியில், அதுதான் கைக்குட்டையில், சுற்றுவார். வேட்டி மடிக்குள் வைத்து முடிந்துகொள்வார். விடியும்வரை அந்த வீட்டுக்குக் கறன்ற் கிடையாது. அந்தக் கட்டை வேண்டுமென்றால் வேட்டியோடு சேர்த்துத்தான் உருவ வேண்டும். அதற்கு ஒழுங்கையில் எவருக்கும் துணிவு வரவில்லை.

நான் பெட்டியோடு போய்ச் சேர்ந்தபோது இருட்டிவிட்டது. வேலிப் படலை திறந்து கிடந்தது. உள்ளே ஒரே கறுப்பு. ஆளில்லை என்று நினைத்துத் திரும்பப் போனேன். இருட்டுக்குள்ளிருந்து ஒரு பெரிய குரல் வந்தது.

“திரும்பாதையுங்கோ பிள்ளை. நேரை வாங்கோ. இன்னும் கொஞ்சம். உதிலை ஒரு கதிரை இருக்கு, முழங்கால் பத்திரம்.”

முழங்கால் போய் இடித்தது.

“ஓம், உதுதான் கதிரை,” என்றது குரல். “இருங்கோ.”

இருந்தேன். எனக்கு எதிரே யாரோ மூச்சு விடுவது கேட்டது. கொஞ்சம் தள்ளி இன்னொரு மூச்சு. அதோடு வளையல் சத்தமும் வந்ததால் அது வீட்டுக்கார அம்மா என்று விளங்கியது. வாடகை பேசினோம், சாப்பாடு பேசினோம், கிணற்றுத் தண்ணீர் பேசினோம். யாரோடு பேசினேன் என்பதை அடுத்த நாள் காலையில்தான் கண்டேன். அந்தக் குரலுக்குச் சம்பந்தமே இல்லாத சின்ன மனிதர்.

சாப்பாடு அதைவிட மோசம். இருட்டுக்குள் தட்டு வைக்கும் சத்தம் கேட்டது. ஒன்று, இரண்டு, மூன்று. பிறகு நாலாவது.

“நாங்கள் மூண்டு பேர்தானே மாமி?” என்று கேட்டேன்.

வளையல் சத்தம் நின்றது. பியூஸர்தான் பதில் சொன்னார்.

“இருட்டிலை எண்ணக் கூடாது பிள்ளை. எண்ணுறதுக்கு வெளிச்சம் வேணும். வெளிச்சத்துக்குப் பில் வரும். சாப்பிடுங்கோ.”

என் இடது பக்கம் ஒருவரும் மூச்சு விடவில்லை. ஆனால் அந்தப் பக்கத்துத் தட்டிலும் மாமி புட்டுப் போடுவதும் குழம்பு ஊற்றுவதும் எனக்குக் கேட்டது.

விடிந்ததும் கிணற்றடியில் மாமி விஷயத்தைச் சொன்னார். ஒரே மகன், பெயர் குமரன், பத்தொன்பது வயது. முந்தின வருடம் விதை வெங்காயம் வாங்க அச்சுவேலிக்குச் சைக்கிளில் போனவன் திரும்பி வரவில்லை. யார் கொண்டுபோனது என்று கேட்பதே அந்தக் காலத்தில் குற்றம். கேட்ட இடமெல்லாம் இல்லை என்றார்கள். சைக்கிள்கூடக் கிடைக்கவில்லை.

“செத்தவனெண்டாச் செய்ய வேண்டியதைச் செய்யலாம். இருக்கிறானெண்டாக் கடிதம் வரும். இது ரெண்டுமில்லை,” என்றார் மாமி. “நான் கேக்கிறது ஒண்டே ஒண்டுதான் பிள்ளை. படலையிலை ஒரு லைற். அவன் இருட்டுக்கை வந்தா வீடு தெரியோணும். உவர் போடமாட்டன் எண்டுறார்.”

படலைத் தூணில் பல்ப் இருந்தது. மகனே பூட்டியதாம். பியூஸ் இல்லாமல் எப்படி எரியும்? நான் நேரே விறாந்தைக்குப் போய்ச் சண்டை பிடித்தேன்.

“ஐயா, பெத்த பிள்ளைக்கு ஒரு நாப்பது வாற்ஸ் பல்ப் போட ஏலாதோ?”

“பிறந்து வளந்த வீட்டைக் கண்டுபிடிக்க அவனுக்கு நாப்பது வாற்ஸ் வேணுமோ?”

“பில்லை நான் கட்டுறன்.”

“நீங்கள் கட்டினாலும் மீற்றர் என்ரை வீட்டிலைதானே ஓடும்!”

உதைக்க வேண்டும் போல இருந்தது. இன்றைக்கு நினைத்தாலும் உதைக்க வேண்டும் போலத்தான் இருக்கிறது. இப்படிப்பட்ட ஆட்களைப் பற்றி எழுதுகிறவர்கள் கஞ்சனைக் கடைசியில் வள்ளலாக்கிவிடுவார்கள். நான் செய்யமாட்டேன். பியூஸர் கஞ்சன். மகன் வீட்டில் இருந்த காலத்திலும் கஞ்சன்தான். மாமியே சொன்னார், பெடியன் தெருவிளக்குக்குக் கீழே நின்றுதான் சோதனைக்குப் படித்தானாம்.

அந்த வீட்டில் ஸ்திரிக்கைப் பெட்டி இருந்தது, ஒருநாளும் சூடானதில்லை. வேட்டியை மடித்துப் பாய்க்குக் கீழே வைத்து அதன்மேல் மல்லாந்து படுப்பார். புரண்டால் மடிப்புக் கலையும் என்று கையைக் காலை நீட்டி அசையாமல் கிடப்பார். முதல் தடவை கண்டபோது ஆள் முடிந்துவிட்டார் என்று மாமியைக் கூப்பிட்டேன். “உயிர் இருக்கு, நாளைக்குக் கலியாண வீடு,” என்றார் மாமி.

சோறு பாதி வெந்ததும் அடுப்பிலிருந்து விறகை இழுத்துவிடுவார். பானையைப் பழைய சாக்குகளால் சுற்றிக் குசினி மூலையில் வைப்பார். மிச்சத்தைச் சூடு தானே பார்த்துக்கொள்ளும். உண்மையாகவே வெந்துவிடும், அதையும் சொல்ல வேண்டும். ஆனால் பொழுதுபட்ட பிறகு அந்தக் குசினிக்குள் போய்ப் பாருங்கள். மூலையில் யாரோ போர்த்துக்கொண்டு குந்தியிருந்து மெல்ல முனகுவது போல இருக்கும். தண்ணீர் எடுக்கப் போன நான் இரண்டு தடவை செம்பைப் போட்டுவிட்டு ஓடி வந்திருக்கிறேன்.

சாமி விளக்கும் தப்பவில்லை. ஒரு தேவாரம் முடிந்ததும் திரியை அணைத்து நூர்த்துவிடுவார். “சாமிக்கு இருட்டிலையும் கண் தெரியும்,” என்பார். ரேடியோவில் தலைப்புச் செய்தி முடிந்ததும் காதைத் திருகிவிடுவார். விரிவான செய்திக்குப் பக்கத்து வீட்டு ரேடியோ இருந்தது.

மின்சாரக் கந்தோரிலிருந்து மீற்றர் பார்க்க வரும் பெடியன் மீற்றரைத் தட்டிப் பார்ப்பான். காதை வைத்துக் கேட்பான்.

“ஐயா, உங்கடை மீற்றர் செத்துப்போச்சு.”

“சாகேல்லைத் தம்பி. நித்திரை. எழுப்பிப் போடாதையும்.”

அவன் நம்பாமல் எழுதிக் கொடுக்க, புது மீற்றர் கொண்டுவந்து பூட்டினார்கள். கொஞ்ச நாளில் அதுவும் வீட்டுப் பழக்கத்துக்கு வந்துவிட்டது.

நான் சண்டை பிடித்த அன்று பின்னேரம்தான் அந்தக் கூத்து ஆரம்பித்தது. பியூஸைப் பிடுங்கி மடியில் முடிந்த கையோடு, உட்காருகிற மர வாங்கு ஒன்றைத் தூக்கிக்கொண்டு படலைக்குப் போனார். எரியாத பல்ப்புக்குக் கீழே அதைப் போட்டு இருந்தார். சட்டை போடாத கறுத்த உடம்பு, இருட்டோடு கலந்துவிட்டது. பிறகு ஒழுங்கையில் காலடி கேட்டால் அந்தப் பெரிய குரல் மட்டும் வெளியே வரும்.

“ஆர் போறது?”

அந்தக் காலத்தில் இருட்டுக்குள்ளிருந்து இந்தக் கேள்வி வந்தால், கேட்கிறவர் கையில் துவக்கு இருக்கிறது என்று அர்த்தம். பதில் பிழைத்தால் நீங்கள் வீடு போய்ச் சேரமாட்டீர்கள். கோயில் ஐயர் பொங்கல் பாத்திரத்தோடு வாய்க்காலுக்குள் இறங்கிவிட்டார். அங்கே நின்றபடி இரண்டு கையையும் உயர்த்தி, “நான் பூசை மட்டும்தான் செய்யிறனான்! வேறை ஒண்டும் செய்யிறேல்லை!” என்று கத்தினார்.

“ஓ, ஐயரே. போங்கோ, போங்கோ,” என்றது இருட்டு.

மீன் விற்றுவிட்டு வருகிற பெண் ஒருத்தி, வாய் அடங்காதவள், “உன்ரை அப்பன் போறான்!” என்று திருப்பிக் கொடுத்தாள்.

“அப்பர் போய்க் கனகாலம். அவர் கதைக்க மாட்டார். வடிவாச் சொல்லு, ஆர் நீ?”

அடுத்த நாள் சங்கக்கடையில் என் முன்னால் கூடையை வைத்துவிட்டுச் சத்தம் போட்டாள். “பிள்ளை, உன்ரை வீட்டுக்கார விசரனுக்குச் சொல்லு. எனக்கு நெஞ்சு நிண்டு போனா ஆர் பொறுப்பு?”

நான் போய்ச் சொன்னேன். “ஐயா, இப்பிடி மனிசரைக் கொல்லாமல் அந்த லைற்றைப் போடலாமே.”

“லைற் கேள்வி கேக்காது பிள்ளை. வாறவன் ஆரெண்டு அதுக்கு என்ன தெரியும்? லைற்றைக் கண்டா வரக்கூடாததுகளும் வரும். நான் இருந்தா மீற்றரும் ஓடாது.”

அவ்வளவுதான் விளக்கம். மாமி அதைக் கேட்டுக்கொண்டு குசினி வாசலில் நின்றார். “குரலைக் கேட்டு ஆர் வருவினம்? வெளிச்சத்தைக் கண்டுதான் வருவினம்,” என்று மட்டும் சொன்னார்.

ஒரு பின்னேரம் வரக்கூடாததும் வந்தது. லைற் இல்லாமல் ஒரு ஜீப் ஒழுங்கைக்குள் மெல்ல ஊர்ந்து வந்தது. வீடுகள் எல்லாம் மூச்சை அடக்கிக்கொண்டன. நான் விறாந்தையில் நின்றேன். அந்த மனிதர் வாயை மூடிக்கொண்டிருப்பார் என்று நினைத்தேன்.

“ஆர் போறது?”

ஜீப் நின்றது. ரோச் வெளிச்சம் ஒன்று வந்து அவர் முகத்தில் விழுந்தது. அந்த முகத்தை இருட்டிய பிறகு நான் கண்டது அதுதான் முதல் தடவை. கண்ணைச் சுருக்கிக்கொண்டு, கையால் மறைத்துக்கொண்டு, பியூஸர் சொன்னார்:

“ரோச்சை நூருங்கோ தம்பியவை. பற்றரி வீணாப் போகுது.”

இவ்வளவோடு எல்லாம் முடிந்தது என்று நான் சுவரைப் பிடித்தேன். ஆனால் அவர் விடவில்லை. “எங்கடை பெடியன் ஒருத்தன் சைக்கிளோடை போனவன். குமரன் எண்டு பேர். வழியிலை கண்டனியளே?”

ரோச் அணைந்தது. ஜீப் வந்த வழியே பின்னுக்குப் போனது. அவர்கள் எந்தப் பக்கத்து ஆட்கள் என்று எனக்குத் தெரியும். இன்றைக்கும் சொல்லமாட்டேன்.

பிறகு தொண்ணூறாம் ஆண்டு வந்தது. யுத்தத்தில் குடாநாட்டுக்கே கறன்ற் நின்றது. ஊரெல்லாம் தட்டுத்தடுமாறியபோது பியூஸர் மட்டும் மாப்பிள்ளை மாதிரி நடந்து திரிந்தார். ஜாம் போத்தலுக்குள் பஞ்சை வைத்து, மண்ணெண்ணெயைச் சொட்டாக விட்டு எரிக்கும் விளக்கைப் பார்க்க ஒருவர் கூப்பிட்டால், “திரி பெரிசு” என்பார். அடுத்தவர் கூப்பிட்டால் அதையே சொல்வார். பின்னேரமானால் வழமை போலப் பியூஸைப் பிடுங்கி மடியில் முடிந்தார்.

“ஐயா, நாட்டிலையே கறன்ற் இல்லை! உதை ஏன் பிடுங்குறியள்?”

“திடீரெண்டு வந்தா?”

நான் தலையில் அடித்துக்கொண்டேன்.

இனிச் சொல்லப்போவதை நம்பினால் நம்புங்கள். கறன்ற் போன பிறகு ஒரு மாரிகாலம். மழை விட்ட பின்னேரம், இருட்டிக்கொண்டு வந்தது. நானும் மாமியும் விறாந்தையில் இருந்தோம். ஒழுங்கையில் ஒரு சைக்கிள் வரும் சத்தம் கேட்டது. பின்சில்லு கிறிக் கிறிக் என்று சுழன்றது. எங்கள் படலைக்கு நேரே வந்து நின்றது.

“ஆர் போறது?”

பதில் இல்லை.

“ஆர் நிக்கிறது?” என்று இன்னும் பலமாகக் கேட்டார். இல்லை. மாமி எழும்பும் வளையல் சத்தம். நாங்கள் மூவரும் காத்திருந்தோம். சைக்கிள் போகும் சத்தத்தை நான் கேட்கவில்லை. காலடியும் கேட்கவில்லை.

கொஞ்ச நேரத்தில் பியூஸர் வாங்கைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்தார்.

“ஆர் அது?” என்றார் மாமி.

“ஒருத்தருமில்லை.”

“சைக்கிள் நிண்டதே!”

“நிண்டது.”

காலையில் ஈர மணலில் சில்லுத் தடம் இருந்தது. ஒழுங்கை முகப்பிலிருந்து எங்கள் படலை வரைக்கும் வந்தது. அங்கே முடிந்தது. போன தடம் இல்லை. நான் இரண்டு பக்கமும் நடந்து பார்த்தேன். குரலுக்குப் பயந்த எவனோ சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு புல்லோரமாக ஓடியிருப்பான். அப்படித்தான் இருக்க வேண்டும். நான் பேயை நம்புகிறவள் இல்லை. ஆனால் அன்று வேலைக்குப் போகும்போது அந்தத் தடத்தை மிதிக்க என் கால் வரவில்லை, வேலியோரமாகச் சுற்றிப் போனேன்.

மாமி அந்தத் தடத்துக்குப் பக்கத்தில் குந்தியிருந்தார். “என்ரை பிள்ளை வாசல் வரைக்கும் வந்திட்டான். ஒரு லைற் எரிஞ்சிருந்தா உங்கடை முகத்தைக் கண்டிருப்பான். நீங்கள் காவல்காரன் மாதிரிக் கத்தினியள்.”

பின்னேரம் பியூஸர் என்னைக் கேட்டார்:

“பிள்ளை, என்ரை குரல் அவ்வளவு பயங்கரமோ?”

எனக்குப் பொய் சொல்ல வராது. “ஓம் ஐயா,” என்றேன்.

“அவனுக்கும் பயமாத்தான் இருந்திருக்கும்,” என்றார்.

அதன்பிறகும் அவர் ஒவ்வொரு பின்னேரமும் படலையில் இருந்தார். ஆனால் கேட்பதை விட்டுவிட்டார். சும்மா இருந்தார். லைற் போடச் சொல்லி மாமியும் கேட்கவில்லை. கேட்டாலும் போடக் கறன்ற் எங்கே? வாய் இல்லாத அந்தப் படலை முன்னையதைவிடப் பயமாக இருந்தது. கொஞ்ச நாள் ஒழுங்கைச் சனம் பேசாமல் கடந்து போனது. பிறகு, யார் தொடங்கியது என்று தெரியாது, அவர்களே சொல்லத் தொடங்கினார்கள்.

“ஐயா, நான் மீன்காரி போறன்.”

“கோயில் ஐயர் போறன்.”

“நாங்கள் ரெண்டு பேர், ரியூசன் முடிஞ்சு போறம்.”

இருட்டுக்குள்ளிருந்து “ம்” என்று ஒரு சத்தம் வரும். அவ்வளவுதான். அவர் இருக்கிறாரா என்றுகூட எவரும் பார்க்கவில்லை. ஆனால் சொல்லாமல் எவரும் போகவில்லை.

தொண்ணூற்றைந்தில் ஐப்பசி மழைக்குள் எல்லோரும் ஊரைவிட்டே எழும்பிப் போக வேண்டி வந்தது. மத்தியானம் தொடங்கிய சனம் பின்னேரமாகியும் முடியவில்லை. தலையில் மூட்டை, சைக்கிளில் கிழவர்கள், எல்லோரும் சாவகச்சேரிப் பக்கம். ஷெல் சத்தம் கிட்ட வந்துகொண்டிருந்தது. நான் மாமியின் மூட்டையையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு படலைக்கு வந்தேன். மாமி படலைத் தூணை இரண்டு கையாலும் கட்டிப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“நான் வரேல்லை. பிள்ளை வந்தா வீட்டிலை ஆர்?”

இழுத்தேன். முடியவில்லை. திட்டினேன். அழுதேன். அந்தக் கையைத் தூணிலிருந்து பிரிக்க என்னால் முடியவில்லை. ஒழுங்கையில் கடைசிச் சனமும் போய்விட்டது.

பியூஸர் மழைக்குள் நின்று மனைவியைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு விறாந்தைக்குப் போனார். வேட்டி மடியை அவிழ்த்தார். லேஞ்சியைப் பிரித்து, பியூஸ் கட்டையை எடுத்து, அதன் இடத்தில் அழுத்திச் செருகினார். படலை லைற்றின் சுவிட்சைப் போட்டார். கறன்ற் இல்லாத ஊரில், பொழுதுபடும் நேரத்தில், பியூஸர் ஒரு லைற்றைப் போட்டார்.

“இஞ்சரப்பா, போட்டிட்டன்.”

மாமி நிமிர்ந்து பல்ப்பைப் பார்த்தார். “எரியேல்லையே.”

“கறன்ற் வந்த உடனை எரியும். பியூஸ் உள்ளுக்கை இருக்கு. இனிப் பிடுங்க ஆளில்லை.”

“பகலிலையும் எரியுமே?”

“எரியட்டும்.”

“பில் வருமே!”

“வரட்டும்,” என்றார் பியூஸர்.

மாமி தூணிலிருந்து கையை எடுத்தார்.

நாவற்குழிப் பாலம் வரைக்கும் அந்த மனிதர் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே நடந்தார். ஒரு லைற்றைப் போட்டுவிட்டு நூர்க்காமல் வெளியே வந்தது அவர் வாழ்நாளில் அது ஒன்றுதான். அவருக்கு அது சரிவரவில்லை, முகத்தில் தெரிந்தது. ஆனால் திரும்பிப் போகவில்லை. பாலத்தில் சனம் நெருக்கியது. நான் மூட்டையைத் தோள் மாற்றிவிட்டுப் பார்த்தேன், இருவரும் இல்லை. சாவகச்சேரியில் பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாக, கோயில் கோயிலாகத் தேடினேன். பியூஸர் என்று கேட்டால் ஒருவருக்கும் தெரியவில்லை. அவருடைய உண்மையான பெயரைச் சொன்னாலும் தெரியவில்லை.

சில வருடங்களுக்குப் பிறகு அரியாலைக்குக் கறன்ற் வந்ததாகக் கேள்விப்பட்டேன். நான் போய்ப் பார்க்கவில்லை. துணிவு வரவில்லை. வீடு நிற்கிறதோ, தூண் நிற்கிறதோ, எனக்குத் தெரியாது. அந்த ஒழுங்கையால் போகிறவர்கள் யாராவது இதை வாசித்தால் ஒன்று சொல்கிறேன். பட்டப்பகலில் ஒரு படலையில் லைற் வீணாக எரிவதைக் கண்டால், தயவுசெய்து அதை நூர்த்துவிடாதீர்கள்.